ஊரை மறித்த சொல்

வெள்ளக்கல்பட்டிக்குப் போக ஒரே ஒரு வழிதான். குஜிலியம்பாறைத் தார்ரோட்டிலிருந்து ஒரு மண்ரோடு பிரிந்து, சோளக்காட்டுக்கும் கடலைக்காட்டுக்கும் நடுவே போகும். அது முடிகிற இடம்தான் ஊர். அந்த ரோட்டை ஆவணி மாதம் ஒரு படை வந்து அடைத்தது. பதறாதீர்கள், எதிரிப் படை இல்லை, நம்ம படைதான். எங்கிருந்தோ வந்த ஒரு பிரிவு, பயிற்சிக்கென்று அந்தப் பொட்டலில் கூடாரம் போட்டிருந்தது. ரோட்டோரத்தில் நின்ற வாகை, வேம்பு, கருவேலம் எல்லாவற்றையும் வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். கிளைகளை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி, நுனிகளை ஈட்டி மாதிரி சீவி, இடையிடையே கம்பியை முறுக்கிக் கட்டி, அதே கம்பியை ஒரு பக்கம் ஓடைக்கரைவரை, மறுபக்கம் காட்டைத் தாண்டிக் கரடுவரை இழுத்துவிட்டார்கள். வேலை என்றால் வேலை, அப்படி ஒரு வேலை. ஆட்டுக்குட்டிகூட நுழைய முடியாது.

பயிற்சி முடிந்ததும் கூடாரத்தைச் சுருட்டினார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள், லாரி ஏறிப் போய்விட்டார்கள். மரங்கள் மட்டும் அப்படியே கிடந்தன. பக்கத்தில் ஒரு பலகை: "படைத்துறை அமைப்பு. தொடுவோர் தண்டிக்கப்படுவர்." பிரபு என்கிற ஆட்டுக்காரர் பலகையை மதிக்காமல் தொட்டார். ஆட்டுக்கு நாலு வாகைக் குழையை ஒடித்தார், அவ்வளவுதான். அன்று சாயங்காலமே ஸ்டேஷனில் உட்காரவைத்து, மறுநாள் மதியம்வரை பச்சைத் தண்ணீர் கொடுக்காமல், இனிமேல் தொடமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அதற்கப்புறம் ஊரில் ஒரு கைகூட அந்தப் பக்கம் நீளவில்லை. அய்யலூர் சந்தைக்கு ஆடு ஓட்டுகிறவர்கள் பக்கத்து ஓடையில் இறங்கி, மணலில் கால் புதையப் புதைய, சுற்றிப் போய்த் தார்ரோட்டைப் பிடித்தார்கள். பால்காரர் கேனைத் தலையில் தூக்கினார். எல்லாரும் பழகிக்கொண்டார்கள்.

பழகிக்கொள்ள முடியாத ஆள் ஒருத்தி இருந்தாள். உடையப்பனின் மனைவி சிவனம்மாள். அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் திண்டுக்கல்லுக்குப் போய் டயாலிசிஸ் பண்ணிக்கொண்டு வந்தால்தான் அடுத்த செவ்வாயை, அடுத்த வெள்ளியைப் பார்க்கலாம். பேகம்பூரிலிருந்து மீரான் தன் ஆம்னி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொண்டு போய், திரும்ப வாசலிலேயே இறக்கிவிடுவான். மரம் விழுந்த நாளிலிருந்து வண்டி அந்தப் பக்கம் நின்றது, சிவனம்மாள் இந்தப் பக்கம் நின்றாள்.

போகும்போது எப்படியோ ஓடை மணலில் நடந்துவிடுவாள். திரும்பி வரும்போதுதான் சங்கடம். டயாலிசிஸ் முடிந்த உடம்பு துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருக்கும். உடையப்பன் முதுகில் தூக்கிக்கொண்டு வருவார்.

"கல்யாணத்தன்னைக்கு ஒரு அடி தூக்கச் சொன்னதுக்கு வெக்கமா இருக்குன்னீக. இப்ப ஊரே பாக்கத் தூக்குறீக," என்பாள் முதுகில் இருந்தபடி.

"பேசாம வாடி. மூச்சு வாங்குது."

"எனக்கா, ஒங்களுக்கா?"

உடையப்பன் தாலுகா ஆபீசுக்குப் போனார். அங்கே முகேஷ்குமார் என்று ஓர் அதிகாரி, சின்ன வயது, நல்ல மரியாதை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு உச்சுக் கொட்டினார்.

"அண்ணே, ஒங்க கஷ்டம் எனக்கு நல்லாப் புரியுது. அகற்றவும்னு உத்தரவு போட எனக்கு ஒரு நிமிசம் ஆகாது. ஆனா எதை அகற்றவும்னு போட?"

"மரத்தைத்தான் சார்."

"மரம்னு போட்டா, வெட்டுனது யாருன்னு வனத்துறை கேக்கும். வெட்டுனது படை. படை மேல நான் கேஸ் போடவா?"

"அப்ப முள்ளுன்னு போட்ருங்க."

"முள்ளுன்னா ஊராட்சி அள்ளணும். தானா மொளைச்ச முள்ளைத்தான் அவங்க அள்ளுவாங்க. சீவி வச்ச முள்ளுக்கு விதி கெடையாது."

"வேலின்னு போடுங்களேன்."

"வேலின்னா உள்ள இருக்கது யாரு நிலம்னு சர்வேயர் கேப்பாரு. பெறகு அந்தக் கேஸ் ஒங்க பேரனுக்குப் பேரன் காலத்துலதான் முடியும்," என்று சொல்லிவிட்டு, உடையப்பனுக்குப் பிள்ளையே இல்லை என்பது தெரியாமல் சிரித்தார். பிறகு படை விட்டுப்போன குறிப்பை எடுத்துப் பார்த்தார். அதில் அந்தப் பொருளின் பெயர் 'அபாட்டிஸ்' என்று இருந்தது. ஏதோ வெளிநாட்டுச் சொல். அந்நியச் சொல்லில் உத்தரவு போடக்கூடாது என்று அவருக்கு மேலிடத்து உத்தரவு. தமிழில் அதற்குச் சொல் இருக்கிறதா என்று பட்டியலைப் புரட்டினார். இல்லை. "பேர் இல்லாத சாமானை எப்படிண்ணே அகற்றச் சொல்றது? அரசாங்கம் ஒன்னை எடுக்கணும்னா மொதல்ல அது இருக்கணும். இருக்கணும்னா பேர் வேணும். திண்டுக்கல்லுல இதுக்குன்னே ஒரு வாரியம் இருக்கு. அங்க போய் ஒரு பேர் வாங்கிட்டு வாங்க, அன்னைக்கே எடுத்துருவோம்."

இப்படித்தான் உடையப்பன், ஒரு சொல் வாங்குவதற்காக, வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஏறினார். பூட்டு வாங்கப் போகிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம், பிரியாணி சாப்பிடப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். சொல் வாங்கப் போன முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

படைத்துறைச் சொல்லாக்க வாரியம் ஒரு பூட்டுக்கடை மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டை தெரியும். அன்று கூட்டம். எல்லாரும் எழுந்து நின்று கண்ணை மூடினார்கள். யாரோ பெரிய மனிதர் செத்துவிட்டார் போல என்று உடையப்பனும் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். பிறகுதான் தெரிந்தது, வழக்கொழிந்து இறந்துபோன சொற்களுக்கு அஞ்சலியாம். ஒவ்வொரு கூட்டமும் அப்படித்தான் தொடங்குமாம். அது முடிந்து ஓர் அம்மாள் தட்டில் டம்ளர்களைக் கொண்டு வந்தார். "டீ வேணாம்மா, இப்பத்தான் குடிச்சேன்," என்றார் உடையப்பன். அவ்வளவுதான், அறையே திரும்பிப் பார்த்தது. அந்த அறைக்குள் தேநீரை டீ என்று சொல்கிறவர் கூட்டம் முடியும்வரை நிற்க வேண்டும், அது வாரிய மரபு. உடையப்பன் சுவரோரமாக நின்றார். அறுபதை நெருங்குகிற மனுஷன்.

தலைவர் முனைவர் மணிமேகலை, ஓய்வுபெற்ற பேராசிரியை. துணைத்தலைவர் பேச்சிமுத்து, படையிலிருந்து ஓய்வுபெற்ற சுபேதார். இருவருக்கும் ஆகாது என்பது மாடிப்படி ஏறும்போதே தெரியும், சத்தம் அப்படி. குறிப்பு எடுக்க இளவேனில் என்ற ஆய்வு உதவியாளர், இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த பெண்.

உடையப்பன் விஷயத்தைச் சொன்னார். மரம், ரோடு, வண்டி, செவ்வாய், வெள்ளி, சிவனம்மாள். சொல்லி முடித்ததும் மணிமேகலை அம்மையாரின் கண்கள் கலங்கின.

"ஐயா, உங்கள் ஊர் எத்தகைய பேறு பெற்ற ஊர் என்பது உங்களுக்குத் தெரியவில்லை. இந்த வாரியம் அகழி முதல் ஏவுகணை வரை ஆயிரக்கணக்கான சொற்களைச் செய்திருக்கிறது. அவற்றில் ஒரு பொருளைக்கூட நாங்கள் கண்ணால் கண்டதில்லை. எங்கள் சொற்களை எவரும் கேட்டு வந்ததுமில்லை. முதன்முதலாக ஒரு பொருள், ஓர் ஊர், ஒரு சாலை, எங்கள் சொல்லுக்காகக் காத்திருக்கின்றன!"

"அதாம்மா, சீக்கிரம் ஒன்னு குடுத்துட்டீங்கன்னா..."

"அவசரத்தில் சொல் பிறக்காது. மிளை என்று பழந்தமிழில் ஓர் அழகான சொல் உண்டு. கோட்டையைச் சூழ்ந்த காவற்காடு. அதை வைக்கலாம்."

சுபேதார் மேசையைத் தட்டினார். "மிளையா? மொளகா மாதிரியில்ல இருக்கு! கேட்டவுடனே எதிரிக்கு வயிறு கலங்கணும். அரண்னு வரணும்மா. இல்லேன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

இதற்கே மத்தியானம் ஆகிவிட்டது. கடைசியில் மிளையும் கிடக்கட்டும், அரணும் கிடக்கட்டும் என்று 'மிளையரண்' என்று முடிவாயிற்று. எல்லாரும் கைதட்டினார்கள். உடையப்பனும் நின்றபடியே கைதட்டினார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அப்ப நான் எழுதி வாங்கிக்கிட்டுப் போலாங்களாம்மா? நாளைக்கு வெள்ளிக்கெழமை."

"எங்கே போகிறீர்கள்? இது வரைவுச் சொல்தான்," என்றார் மணிமேகலை அம்மையார். "மக்கள் நாவில் புழங்காத சொல்லை நாங்கள் ஏற்பதில்லை. ஊரில் விடுவோம், மக்கள் புழங்கட்டும், இளவேனில் வந்து கேட்டு எழுதட்டும். ஒரு பருவம் போகட்டும், பிறகு பார்க்கலாம்."

"அதுவரைக்கும் மரம்?"

"மரம் அங்கேயே இருக்க வேண்டும். பொருளை எடுத்துவிட்டால் மக்கள் எதைச் சுட்டிச் சொல்லைப் பயன்படுத்துவார்கள்?"

உடையப்பன் படியிறங்கிக் கீழே வந்து, பூட்டுக்கடை வாசலில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பேர் இருந்தால்தான் மரத்தை எடுக்கலாம். மரம் இருந்தால்தான் பேர் கிடைக்கும். எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாலும் அது முட்டுச்சந்திலேயே போய் நின்றது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது சிவனம்மாள் சிரித்தாள். "நமக்குப் புள்ளைதான் பொறக்கல. ஒங்க சொல்லாவது பொறக்கட்டும், விடுங்க."

ஊர்க் கூட்டம் போட்டார்கள். அந்தச் சொல்லை எல்லாரும் வாய் ஓயாமல் சொன்னால் சீக்கிரம் ஒப்புதல் கிடைத்துவிடும், ரோடும் திறந்துவிடும் என்று முடிவு செய்தார்கள். வெள்ளக்கல்பட்டி ஜனங்களுக்கு ஒரு குணம் உண்டு, எதைச் செய்தாலும் ஒரு கை கூடத்தான் செய்வார்கள். கோயிலுக்கு ஒரு கிடாய் வெட்டச் சொன்னால் ஒன்பது வெட்டுவார்கள். சொல்லையும் அப்படித்தான் செய்தார்கள்.

முதலில் முறையாகத்தான் இருந்தது. "மிளையரண் பக்கம் ஆட்டை விடாத." "மிளையரண்கிட்ட மீரான் பாய் வண்டி நிக்குது." இளவேனில் வாராவாரம் செல்போனோடு வந்து டீக்கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பதிந்துகொண்டாள். அவளைத் தூரத்தில் கண்டாலே போதும், ஊர் வாய் திறந்துவிடும். எத்தனை நேரம்தான் மரத்தைப் பற்றியே பேச முடியும்? பேச வேறு விஷயம் வேண்டாமா? மெல்ல மெல்லச் சொல் மரத்தைவிட்டு இறங்கி ஊருக்குள் நடக்க ஆரம்பித்தது. பிரபு தன் மாமியாரைக் காட்டி, "எங்க வீட்டு மிளையரண் வருது," என்றார். ஒருவருக்குக் காலையில் வெளிக்குப் போக முடியவில்லை, வயிற்றுக்குள் மிளையரண் என்றார். பேங்க் மேனேஜர் மிளையரணாம், சளி மிளையரணாம், வெஞ்சனத்துக்குப் போட்ட முருங்கைக்காய் வேகாமல் கிடந்தால் அதுவும் மிளையரணாம். சாமியாடி குறி சொல்லும்போது, "ஒங் குடும்பத்துல ஒரு மெளையரண் நிக்கிதுடி," என்று ஆடினார். கேட்டவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சொல்லாத ஒரே ஆள் சிவனம்மாள். இளவேனில் அவளிடமும் கேட்டாள். "அக்கா, நீங்க அதை என்னன்னு சொல்லுவீங்க?"

"நான் வச்சிருக்க பேரைச் சொன்னா ஒம் போனு அவிஞ்சு போகும்மா. சாப்டியா நீ? மொகமெல்லாம் வாடிக் கெடக்கு. உள்ள கம்பங்கூழு இருக்கு, எடுத்துக் குடி. எனக்குத்தான் தண்ணி அளந்து குடிக்கணும், நீ வயிறு நெறையக் குடி."

இளவேனில் குடித்தாள். அதற்குப் பிறகு அவள் வந்தாலே நேராகச் சிவனம்மாள் வீட்டுக்குத்தான் வருவாள். ஆனால் கேட்டதைக் கேட்டபடி எழுதும் பெண் அவள். மாமியார், வயிறு, முருங்கைக்காய் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

புரட்டாசி முடியப் போகிற சமயம் வாரியம் கூடியது. உடையப்பன் இந்தத் தடவை தட்டு வந்தபோது வாயே திறக்கவில்லை, ஆனாலும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. மணிமேகலை அம்மையார் அறிக்கையை வாசிக்க வாசிக்க முகம் கறுத்தது.

"பாழாக்கிவிட்டீர்கள்! தேனில் ஊறிய ஒரு சொல்லைக் கொண்டுபோய் மலச்சிக்கலில் நிறுத்தியிருக்கிறீர்கள். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் வேண்டும். உங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்குப் பொருளில்லாத இடமே இல்லை."

"அரணுக்குன்னு ஒரு கம்பீரம் இருக்குய்யா," என்றார் சுபேதார். "எத்தனை பேர் உயிரைக் குடுத்துக் காப்பாத்துனது! அதைக் கொண்டு போய் முருங்கைக்காய்க்கு வச்சிருக்கீங்க."

"தப்புதானுங்க," என்றார் உடையப்பன். "ஊருக்காரங்க ஆசையில செஞ்சுட்டாங்க. அம்மா, மழ வந்துக்கிட்டு இருக்கு. ஓடையில தண்ணி வந்துருச்சுன்னா அவளைத் தூக்கிட்டுப் போக வழியே இல்லம்மா. போகலைன்னா ரெத்தமெல்லாம் கெட்டுப்போயி, தண்ணி கோத்து, மூச்சு நின்னு போகும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

மணிமேகலை அம்மையார் சட்டென்று நிமிர்ந்தார். "'வழியே இல்லை.' இளவேனில், குறித்துக்கொள். பொருள் விளக்கத்தில் சேர்க்கலாம்."

இளவேனில் குறிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். இன்னொரு பருவம் ஊரார் அடக்கத்தோடு புழங்க வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று.

அடக்கத்தோடு புழங்க ஊருக்கு நேரம் கிடைக்கவில்லை. ஐப்பசி பிறந்ததும் பிடித்த மழை விடவே இல்லை. வறண்ட பூமி, வருஷம் பூராவும் மழைக்கு ஏங்கிக் கிடக்கிற பூமி. மற்ற வருஷமாக இருந்தால் ஊரே கூத்தாடியிருக்கும். ஓடையில் செந்தண்ணீர் மார்பளவு ஓடியது. அந்தச் செவ்வாய்க்கிழமை போக முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் சிவனம்மாளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். கால் வீங்கி, முகம் வீங்கி, பேச்சு விட்டுவிட்டு வந்தது. மரங்களுக்கு அந்தப் பக்கம் மீரான் வண்டியை நிறுத்திவிட்டு மழையில் நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, ஓடைப்பக்கம் போயிராதீங்க, இழுக்குது! செத்த நேரம் பொறுங்க, நான் வாரேன்!" என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளைகளுக்குள் புகுந்தான். பாதி தூரம்கூட வந்திருக்க மாட்டான். கம்பியில் சட்டை மாட்டிக்கொண்டது, சீவின நுனி ஒன்று கையைக் கிழித்தது. ரத்தம் மழையோடு வழிந்தது. "யா அல்லா, எவன்யா இதைக் கட்டுனான்!" என்று கத்தினான். "அண்ணே, ஊருல அருவா இல்லையா? வெட்டித் தள்ளுங்கண்ணே! ஆம்புலன்சு வந்தாலும் இங்கனதான் நிக்கும்! அக்கா மூச்சு வாங்குறது எனக்கு இங்க கேக்குது!"

பிரபு வீட்டுக்கு ஓடிப்போய் அரிவாளோடு வந்தார். ஓங்கிய கையை உடையப்பன் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் பிரபு. ஒங்கிட்ட எழுதி வாங்கியிருக்காங்க, ரெண்டாவது வாட்டின்னா விட மாட்டாங்க. நான் வெட்டலாம்னா, என்னைய உள்ள வச்சுட்டா இவளை யாரு தூக்குவா? முகேஷ்குமார் சார்கிட்டப் பேசிட்டேன். அவசரம்னு எழுதி வாரியத்துக்கு அனுப்பிட்டாராம். திங்கக்கெழம கூட்டமாம். நடுவுல ரெண்டு நாளு. ரெண்டே நாளு."

"அண்ணே, ரெண்டு நாளு தாங்குமாண்ணே?" என்றார் பிரபு. உடையப்பன் தன் துண்டை உதறிச் சிவனம்மாள் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தார்.

சிவனம்மாள் நாற்காலியிலிருந்து கையை நீட்டி அவர் வேட்டியைப் பிடித்தாள். "வீட்டுக்குக் கொண்டு போங்க. நனையிறீக."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் போய்விட்டாள். படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தாள். உடையப்பன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். தடவிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள். இதில் சிரிக்க வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. மீரான் ஓடை கொஞ்சம் வடிகிறவரை அந்தப் பக்கமே காத்திருந்து, நீந்தாத குறையாக வந்து, கடைசியாக முகத்தைப் பார்த்துவிட்டுப் போனான். சுடுகாடு மரத்துக்கு இந்தப் பக்கமே இருந்ததால் அதற்கு மட்டும் வழி மறிக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் வாரியமே நேரில் வந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் காரை நிறுத்திவிட்டு, வடிந்த ஓடையில் செருப்பைக் கையில் பிடித்தபடி சுற்றி வந்தார்கள். முகேஷ்குமாரும் கூட வந்தார். அவர் முகத்தை யார் பக்கமும் காட்டவில்லை. ஊர் ஜனம் பூராவும் மரங்கள் முன்னால் கூடிவிட்டது.

"இழப்பு பெரிது, ஐயா," என்றார் மணிமேகலை அம்மையார். "அதனால்தான் விதியைத் தளர்த்தியிருக்கிறோம். நேரடியாக அனுபவித்த ஒருவர், இயல்பாக, சொந்த வாயால், ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொல்லை இன்றே ஏற்றுக்கொள்வோம். உத்தரவும் உடனே வரும்."

"இதை மொதல்லயே செஞ்சிருக்கலாமே?" என்று பிரபு கேட்டார்.

சுபேதார் பொறுமையாக விளக்கினார். "மொதல்ல அது யாரையும் தடுக்கலையே தம்பி. நீங்கல்லாம் சுத்திப் போய்க்கிட்டுல்ல இருந்தீங்க? தடுத்தாத்தான அரண். இப்பத்தான் நிரூபணம் ஆயிருக்கு."

இளவேனில் செல்போனை நீட்டினாள். உடையப்பன் மொட்டைத் தலையோடு, மேல்துண்டு இல்லாமல் நின்றார். மரத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"இந்த மிளையரண் கெடந்ததால எம் பொண்டாட்டி செத்துப் போனா."

பிறகு மணிமேகலை அம்மையார் பெருமூச்சு விட்டார். "அருமை. பொருள், பயன், விளைவு, மூன்றும் ஒரே வாக்கியத்தில். எவ்வளவு இயல்பு!" சுபேதார் தலையாட்டினார். ஒருமனதாக ஏற்கப்பட்டது. யாரோ கொண்டுவந்திருந்த பொன்னாடையை உடையப்பன் தோளில் போர்த்தினார்கள். முகேஷ்குமார் அங்கேயே நின்று போனில் பேசிவிட்டு, திங்கட்கிழமை ஜேசிபி வந்துவிடும் என்றார்.

"அகராதிக்கு மட்டும் சற்றுச் செப்பம் செய்ய வேண்டும்," என்றார் மணிமேகலை அம்மையார். "தனிப்பட்ட துயரம் அகராதியில் இடம்பெறலாகாது. படைத்துறைச் சொல் அல்லவா? பொண்டாட்டி என்பதை எடுத்துவிட்டு எதிரி என்று போடு, இளவேனில். வாசி."

இளவேனில் வாசிக்கவில்லை. அம்மையாரே அவள் கையிலிருந்து தாளை வாங்கி வாசித்தார். "மிளையரண் இருந்ததால் எதிரி மாண்டான்."

உடையப்பன் ஒரு அடி முன்னால் வந்தார். "அம்மா, எங்க சிவனம்மா யாருக்கு எதிரி?"

"ஐயா, அது வெறும் எடுத்துக்காட்டு. எதிரி என்பவர் யாராகவும் இருக்கலாம்."

உடையப்பன் பொன்னாடையை எடுத்து மடித்து அம்மையார் கையிலேயே கொடுத்தார். பிரபுவிடமிருந்து அரிவாளை வாங்கினார். திங்கட்கிழமைவரை பொறுக்கச் சொல்லி முகேஷ்குமார் வாயெடுத்தார், பாதியில் விட்டுவிட்டார். உடையப்பன் முதல் கிளையை வெட்டினார். பிரபு கோடாலியோடு வந்தார். அப்புறம் யார் யார் வந்தார்கள் என்று கணக்கில்லை, பெண்களும் பன்னருவாளோடு வந்துவிட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து, சேதி கேட்டு வண்டியோடு வந்திருந்த மீரான், கையில் கட்டோடு கம்பியை அறுத்துக்கொண்டிருந்தான். இளவேனில் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு வெட்டிய கிளைகளை இழுத்துப்போட்டாள். வாரியத்தார் ஒதுங்கி நின்று, பொருள் அழிவதை வருத்தத்தோடு பார்த்தார்கள்.

பெரிய மரங்களைக் கயிறு போட்டு இழுத்துக் காட்டுக்குள் உருட்டினார்கள். பொழுது சாய்வதற்கு வெகுநேரம் முன்பே வேலை முடிந்துவிட்டது. டீக்கடையில் மத்தியான டீ இன்னும் போடவில்லை. மீரான் வண்டியைக் கிளப்பி, வெட்டுப்பட்ட சில்லுகள் மேல் ஏற்றி, பழக்கத்தில் ஹாரனை அடித்துவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

உடையப்பன் நட்ட நடு ரோட்டில் உட்கார்ந்தார். அரிவாளைப் பார்த்தார், திறந்து கிடந்த ரோட்டைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"இம்புட்டு வேலைதானாடி, சிவனம்மா? இம்புட்டுத்தானாடி?"